டேலிலி வளர்ப்பு: ஒரு நாள் பூவை சீசன் முழுக்க ரசிக்கிறது எப்படி

டேலிலி பூ ஒண்ணோட ஆயுசு ஒரே ஒரு நாள்தான். காலைல விரியும், பொழுது சாயறப்போ தளரும், மறுநாள் பார்த்தா சுருண்டு தொங்கும். இதைக் கேட்டதும் நிறைய பேர் அப்போ எதுக்கு இதை வளர்க்கணும்னு கேக்கறாங்க, ஆனா கணக்கைப் போட்டுப் பாருங்க, நல்லா வளர்ந்த ஒரு தூர்ல பத்துப் பூத்தண்டாவது வரும், தண்டுக்கு 15லேர்ந்து 30 மொட்டு வரைக்கும் இருக்கும், அதெல்லாம் ஒரே நாள்ல விரியாம தினம் சிலதுன்னு முறை வச்சு விரியும், ஆக ஒரே ஒரு தூர் மூணு நாலு வாரத்துக்கு சுமாரா இருநூறு பூ குடுக்கும். அந்த இருநூறுல நீங்க எத்தனை பூவைப் பார்த்தீங்கங்கிறதுதான் விஷயம். பார்க்காம விட்ட நாளோட பூ திரும்பி வராது. அதனால இந்தச் செடிக்கு எங்க இடம் குடுக்கறீங்க, காலைல அந்தப் பக்கம் போவீங்களா, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் சொல்லிட்டு அப்புறம் குழி தோண்டுங்க. உரம், மண்ணு எல்லாம் அதுக்கு அடுத்ததுதான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். பேர்ல லில்லி இருந்தாலும் இது நிஜ லில்லி கிடையாது. நிஜ லில்லிக்கு அடியில செதில் செதிலா கிழங்கு இருக்கும், ஒரே தண்டு மேல போகும், அந்தத் தண்டுலயே சுத்திச் சுத்தி இலை இருக்கும். டேலிலில இலை எல்லாம் தரையிலேர்ந்தே நீளமா, புல்லு மாதிரி, ரெண்டு பக்கமும் விரிஞ்சு விசிறியா வரும், பூத்தண்டு தனியா நடுவுலேர்ந்து இலையில்லாம எழும்பும். அடியில கிழங்குக்குப் பதிலா சதைப்பத்தான தடிச்ச வேர்க் கொத்து இருக்கும், சில வேர்ல உருண்டையா முடிச்சு கூட விழும், தண்ணியையும் சத்தையும் அதுலதான் சேர்த்து வச்சுக்குது. இலையும் வேரும் சேர்ற வெள்ளையான கழுத்துப் பகுதிதான் செடியோட உயிர். இலை முழுக்க போனாலும் கழுத்து கெட்டியா இருந்தா செடி திரும்ப வந்துடும், கழுத்து அழுகிட்டா மீதி எல்லாம் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. கீழ நான் சொல்லப்போற பாதி விஷயம் இந்தக் கழுத்தைக் காப்பாத்துறதுக்குத்தான், ஞாபகம் வச்சுக்கோங்க.

இதோட சொந்த ஊர் கிழக்கு ஆசியா, அதாவது சீனா, கொரியா, ஜப்பான். அங்கேர்ந்து ஐரோப்பாவுக்குப் போன ரெண்டு வகைக்கு, ஒண்ணு மஞ்சள் ஒண்ணு ஆரஞ்சு, 1753ல தாவரவியலாளர் லின்னேயஸ் பேர் வச்சார். இன்னைக்கு பல நாட்டுல ரோட்டோரம், வாய்க்கால் ஓரம்னு தானா கெடக்கற அந்த ஆரஞ்சு டேலிலி, ஹெமரோகாலிஸ் ஃபுல்வா, அது கொஞ்சம் விசேஷமான ஆளு. சாதாரண டேலிலிக்கு குரோமோசோம் 22, ரோட்டோரம் இருக்கறதுக்கு 33, மூணு செட்டா இருக்கறதால அதுக்கு விதை பிடிக்காது, ஆனா மண்ணுக்கு அடியிலயே தண்டு ஓட்டி ஓட்டி பரவும். யாராவது ஓசியா குடுத்தாங்கன்னு சின்னப் பாத்தியில இதை வச்சுடாதீங்க, சில வருஷத்துல பக்கத்துல இருக்கற எல்லாத்தையும் நெருக்கித் தள்ளிடும், தோண்டி எடுத்தா விட்டுப்போன துண்டுலேர்ந்து திரும்ப முளைக்கும். சரிவான மேட்டுல மண்ணு அரிக்காம இருக்கணும்னா மட்டும் இது அருமையான செடி.

நியூயார்க் தாவரவியல் பூங்காவுல வேலை பார்த்த ஆர்லோ ஸ்டவுட் இந்தச் செடி ஏன் விதை பிடிக்கலைன்னு ஆராய ஆரம்பிச்சு, அப்படியே ஆசியாவுலேர்ந்து வந்த மத்த வகைகளோட கலந்து கலந்து புது நிறங்களைக் கொண்டுவந்தார், அவரோட மிகாடோங்கிற ரகம் 1929ல வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் 1946ல அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, உலகம் முழுக்க புது ரகங்களுக்குப் பேர் பதியறது இன்னைக்கும் அங்கதான், பதிஞ்ச ரகம் ஒரு லட்சத்தைத் தாண்டிடுச்சு. வெள்ளைக்கு ரொம்ப கிட்ட வந்துட்டாங்க, கறுப்புக்குக் கிட்ட வந்துட்டாங்க, ஊதா இருக்கு, பூவோட கண்ணுல, அதாவது நடுவுல இருக்கற அடர் நிற வளையத்துல, நீலச் சாயல் கூட கொண்டுவந்துட்டாங்க, முழு நீலம் மட்டும் இன்னும் கைக்கு வரல. அதனால போட்டோவுல நீலமா டேலிலி காட்டி யாராவது வித்தா வாங்காதீங்க, அது கலர் மாத்தின போட்டோ.

ஒரு லட்சத்துல எதை எடுக்கிறது? நிறம் பார்த்து எடுக்கறதுக்கு முன்னாடி இலையோட குணம் பாருங்க, இதை யாரும் முதல்ல சொல்ல மாட்டேங்கிறாங்க. மூணு குணம் இருக்கு. குளிர்காலத்துல இலை முழுக்க காஞ்சு தரையோட போய் திரும்ப முளைக்கிற உறங்கும் ரகம், வருஷம் பூரா பச்சையா நிக்கிற எவர்கிரீன், ரெண்டுக்கும் நடுவுல அரைப்பச்சை. தண்ணி உறையற அளவுக்குக் குளிர் வர்ற இடம்னா உறங்கும் ரகம் பத்திரம். குளிரே இல்லாத வெப்பமான இடத்துல உறங்கும் ரகத்தை வச்சா அதுக்குத் தேவையான தூக்கம் கிடைக்காம வருஷா வருஷம் விசிறி குறைஞ்சு தேஞ்சு போகும், அந்த மாதிரி இடத்துக்கு எவர்கிரீனோ அரைப்பச்சையோதான். விக்கிறவங்ககிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க, பதில் தெரியலைன்னா வேற ஆள்கிட்ட வாங்குங்க.

அடுத்தது பூக்கிற நேரம். முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம்னு பிரிச்சிருப்பாங்க. ஒரே பருவத்துல மூணு செடி வாங்கினா ஒரு மாசத்துல எல்லாம் முடிஞ்சுடும், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒண்ணுன்னு எடுத்தா அதே மூணு செடி ரெண்டு மூணு மாசத்துக்கு நீளும். மறுபடி பூக்கிற ரகங்களும் இருக்கு, அதுல பேர் போனது ஸ்டெல்லா டி ஓரோ, 1975ல வால்டர் ஜப்லான்ஸ்கி பதிஞ்சது, சின்ன மஞ்சள் பூ, முட்டி உயரம் கூட வராது. அது ரொம்பப் பொதுவா போயிடுச்சுன்னு சிலர் முகம் சுளிப்பாங்க, எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. முதல் டேலிலி வாங்கறவங்களுக்கு திரும்பத் திரும்ப பூக்கிற ஒரு செடிதான் நம்பிக்கை குடுக்கும். வாசனை வேணும்னா மஞ்சள் பக்கம் தேடுங்க, 1924ல வந்த ஹைபீரியன் இன்னும் தோட்டங்கள்ல இருக்கறது அந்த வாசனைக்காகத்தான். டெட்ராப்ளாய்டுன்னு எழுதியிருந்தா அதுக்கு குரோமோசோம் 44, தண்டு தடியா, இதழ் கனமா, ஓரம் நெளிநெளியா இருக்கும். அதுக்காக அதுதான் உசத்தின்னு இல்ல, மெல்லிசான டிப்ளாய்டு பூ, அதாவது குரோமோசோம் 22 இருக்கறது, வெயில் படும்போது உள்ளேர்ந்து வெளிச்சம் வர்ற அழகு அந்தத் தடிச்ச இதழ்ல கிடைக்காது.

இடம். ஒரு நாளைக்கு குறைஞ்சது 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும். நிழல்ல வச்சா செத்துப்போகாது, இலை நல்லா பச்சைப்பசேல்னு வரும், பூதான் வராது, வந்தாலும் தண்டு வெளிச்சத்தைத் தேடி சாயும். வெயில் கடுமையா இருக்கற ஊர்ல காலை வெயில் முழுசா பட்டு மத்தியானத்துக்கு மேல லேசா நிழல் விழற இடம் ரொம்ப நல்லது, முக்கியமா அடர் சிவப்பு, ஊதா நிறங்களுக்கு. அதுங்க சூட்டை இழுத்துக்கும், மத்தியானத்துலயே இதழ் வெந்த மாதிரி ஆகி சொதசொதன்னு போயிடும். மஞ்சளும் வெளிர் நிறங்களும் முழு வெயில்லதான் நல்லா திறக்கும். பெரிய மரத்துக்குக் கீழ வேண்டாம், நிழலை விட அந்த மரத்தோட வேர் தண்ணியை இழுத்துக்கறதுதான் பிரச்சனை. இன்னொண்ணு, பூ பெரும்பாலும் வெளிச்சம் வர்ற பக்கம் பார்த்துத்தான் நிக்கும், அதனால நீங்க நடந்து போற பாதை அந்த வெளிச்சப் பக்கம் இருக்கற மாதிரி வைங்க, இல்லேன்னா தினமும் பூவோட முதுகைத்தான் பார்ப்பீங்க. தோட்டத்தோட கடைசி மூலையில் அழகா பாத்தி போட்டு வச்சுட்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தா ஆறு நாள் பூவை இழந்தாச்சு. சமையலறை ஜன்னல், வாசல் படி, வண்டி நிறுத்தற இடம், காலைல கண்ணு தானா போற இடத்துல வைங்க.

மண்ணு விஷயத்துல இது ரொம்பப் பிடிவாதம் பிடிக்காது. லேசான அமிலத்தன்மை, பிஹெச் 6லேர்ந்து 6.5 இருந்தா சந்தோஷமா இருக்கும், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் வளரும். தண்ணி தேங்கக்கூடாது, அது மட்டும் கறாரா பாருங்க. குழி தோண்டி தண்ணி ஊத்திப் பாருங்க, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சும் நின்னுக்கிட்டிருந்தா அங்க பாத்தியை அரை அடி உயர்த்துங்க. கெட்டி களிமண்ணா இருந்தாலும் சரி, தண்ணி நிக்காத மணலா இருந்தாலும் சரி, மருந்து ஒண்ணுதான், நல்லா மக்கின தொழு உரமோ இலை மக்கோ நிறைய கலக்கிறது. மக்காத சாணியைப் போட்டு கழுத்துகிட்ட வச்சீங்கன்னா அழுகலை நீங்களே அழைக்கிற மாதிரி.

செடி பெரும்பாலும் மண்ணில்லாம வெறும் வேரோட வரும், இலையை அரை அடிக்கு வெட்டியிருப்பாங்க, பார்க்க காஞ்ச குச்சி மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, அந்தச் சதைப்பத்தான வேர்ல தண்ணி இருக்கு. வந்ததும் சில மணி நேரம் தண்ணியில வேரை ஊறவைங்க. கறுத்துப்போய் அமுக்கினா குழையற வேர் இருந்தா வெட்டிடுங்க. ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நடுவுல மண்ணைக் குவிச்சு ஒரு சின்ன மேடு பண்ணி, அதுமேல செடியை உக்கார வச்சு வேரைச் சுத்திலும் கீழ் நோக்கி விரிச்சு விடுங்க, அப்புறம் மண்ணைப் போட்டு கையால அழுத்தி தண்ணி ஊத்தி, மண்ணு அமுங்கின இடத்துல இன்னும் கொஞ்சம் போடுங்க. கழுத்துப் பகுதி மண் மட்டத்துக்குக் கீழ ஒரு அங்குலம், அதுக்கு மேல போகக்கூடாது. ஆழமா புதைச்சா செடி சாகாம, பூக்காம, வருஷக்கணக்கா முக்கிக்கிட்டே நிக்கும். எங்கிட்ட "இலை நல்லாத்தான் இருக்கு பூவே வரல"ன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது வெயில் எவ்வளவு, ரெண்டாவது கேக்கறது எவ்வளவு ஆழம் வச்சீங்கன்னுதான். செடிக்குச் செடி ஒன்றரை அடியிலேர்ந்து ரெண்டு அடி இடைவெளி விடுங்க. வச்ச அன்னைக்கு பாத்தி காலியாத்தான் தெரியும், விடுங்க, அது நிரம்பும்.

தண்ணி வாரத்துக்கு ஒரு அங்குலம் அளவு மண்ணுல இறங்கணும், மழை பெஞ்சா அதையும் சேர்த்து. தினமும் மேலாக்க தெளிக்கிறதை விட ரெண்டு தடவை ஆழமா ஊத்தறது எவ்வளவோ மேல், வேர் கீழ போகும். வறட்சியைத் தாங்கற செடின்னு எல்லாரும் சொல்றது உண்மைதான், ஆனா தாங்கும்னா சாகாதுன்னு அர்த்தம், பூக்கும்னு அர்த்தம் இல்ல. பூத்தண்டு கிளம்பினதுலேர்ந்து கடைசி மொட்டு விரியற வரைக்கும் தண்ணி குறைஞ்சா மொட்டு மஞ்சளாகி உதிரும், பூ அளவு சின்னதாகும், அந்த நாலஞ்சு வாரம் மட்டும் தவறாம ஊத்துங்க. ஊத்தும்போது அடியில ஊத்துங்க, விரிஞ்ச பூ மேல தண்ணி பட்டா புள்ளி விழும், இலை ஈரமா இருந்தா பூஞ்சை வரும். ரெண்டு அங்குலத்துக்கு காஞ்ச இலையோ மரப்பட்டையோ மூடாக்கு போடலாம், கழுத்தைச் சுத்தி மட்டும் கொஞ்சம் இடம் விட்டுடுங்க.

உரம் அதிகம் வேண்டாம். முளைப்பு கிளம்பற நேரத்துல ஒரு தடவை, பூ முடிஞ்சதும் ஒரு தடவை, சமச்சீரான உரமோ மண்புழு உரமோ போதும். தழைச்சத்தை அள்ளிப் போட்டா இலை பிரமாதமா வரும், பூத்தண்டு குறையும், அசுவினிக்கும் விருந்து வச்ச மாதிரி ஆகும்.

இனி ரசிக்கிறது, எனக்கு இந்தச் செடியில் பிடிச்சதே இதுதான்.

காலைல போய் நில்லுங்க. போனதும் முதல்ல நேத்து பூத்ததைக் கிள்ளி எடுங்க, இதழை மட்டும் உருவாம அதோட அடியில் பச்சையா இருக்கற சூலகத்தோட சேர்த்து ஒடிங்க, ஒடிச்சா டக்குன்னு வரும். பக்கத்துல இருக்கற மொட்டு மேல கை படாம பார்த்துக்கணும், ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். இதைச் செய்யலைன்னாலும் செடிக்கு ஒண்ணும் ஆகாது, தானா உதிரும்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா வாடின பூ ஈரமா கூழாகி புதுப் பூ மேல ஒட்டும், அடர் சிவப்பு பூவா இருந்தா பக்கத்துல இருக்கற வெளிர் பூ மேல சாயம் சொட்டி கறை ஆகும், விதைக்காய் பிடிச்சா அடுத்த மொட்டுக்குப் போக வேண்டிய சத்து அதுக்குப் போகும். எல்லாத்துக்கும் மேல, பழசை எடுத்தாத்தான் இன்னைக்குப் பூத்தது கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் குனிஞ்சு ஒரு பூவைப் பாருங்க, தூரத்துலேர்ந்து பாத்தியா பார்க்கறது வேற, இது வேற. முன்னாடி மூணு இதழ், பின்னாடி கொஞ்சம் ஒடுங்கின மூணு புறவிதழ், ஆறு மகரந்தக் கேசரம், அதையெல்லாம் தாண்டி நீளமா வளைஞ்சு வர்ற ஒரு சூல்தண்டு. நடு ஆழத்துல தொண்டை, அது பச்சையா, மஞ்சளா, இல்ல ரெண்டும் கலந்து இருக்கும். எனக்கு பச்சைத் தொண்டை மேல தனிப் பிரியம், சிவப்புப் பூவுக்கு அது வர்றப்போ நிறமே எழுந்து நிக்கும். தொண்டைக்கு மேல வளையமா அடர் நிறம் இருந்தா அது கண், வெளிர் நிறமா இருந்தா அதை நீர்க்கோடுன்னு சொல்வாங்க. சிலதுல கண்ணுல இருக்கற அதே நிறம் இதழ் ஓரத்துலயும் கரை கட்டினது போல ஓடும். வெயில் சாய்வா விழும்போது சில இதழ்ல வைரப்பொடி தூவின மாதிரி மினுக்கும், அது மேகம் போட்ட நாள்ல தெரியாது, ஆனா அந்த மேகம் போட்ட நாள்லதான் சிவப்பும் ஊதாவும் அதோட நிஜ நிறத்துல தெரியும், போட்டோ எடுக்கறவங்க அந்த நாளுக்குக் காத்திருங்க. ஒரே பூவை காலை 8 மணிக்குப் பாருங்க, மத்தியானம் பாருங்க, சாயங்காலம் பாருங்க, இளஞ்சிவப்பு வெளுத்து பீச் ஆகும், பீச் கிரீம் ஆகும், ஒரே நாள்ல அவ்வளவு மாற்றம்.

வடிவமும் கவனிங்க. வட்டமா நெளிஞ்ச ஓரத்தோட வர்றதுதான் அதிகம் விக்குது. இதழோட நீளம் அகலத்தை விட நாலு மடங்கோ அதுக்கு மேலயோ இருந்தா அது ஸ்பைடர் வகை, காத்துல ஆடும்போது பார்க்கணும் அதை. இரட்டை அடுக்கு இருக்கு, முறுக்கி முறுக்கி வர்றது இருக்கு, பூ 3 அங்குலத்துக்குக் கீழ இருக்கற மினியேச்சர் இருக்கு. விக்கிறவங்க பூவோட அளவைத்தான் பெரிசா சொல்வாங்க, நான் தண்டைப் பார்க்கச் சொல்வேன், நல்லா கிளை விட்டு மொட்டு தள்ளித் தள்ளி இருக்கற தண்டுல பூ ஒண்ணை ஒண்ணு இடிக்காம விரியும், உச்சியில ஒரே கொத்தா இருக்கறதுல பாதி பூ நசுங்கித்தான் விரியும். கிளம்பறதுக்கு முன்னாடி நாளைக்கு விரியப் போற மொட்டைத் தேடிப் பாருங்க, நல்லா உப்பி, நிறம் ஏறி, நுனி லேசா தளர்ந்து இருக்கும், சில நாள்லயே கண்ணு பழகிடும். ராத்திரி குளிர்ச்சியா இருந்தா காலைல மெதுவாத்தான் திறக்கும், அவசரப்பட்டு விரல் வச்சு பிரிக்காதீங்க.

காலைல வீட்டுல இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. சாயங்காலம் விரிஞ்சு மறுநாள் வரைக்கும் நிக்கிற இரவு வகைகள் இருக்கு, ஹெமரோகாலிஸ் சிட்ரினா அப்படித்தான், எலுமிச்சை மஞ்சள், வாசனை வேற. 16 மணி நேரத்துக்கு மேல விரிஞ்சிருக்கற ரகங்களை நீடித்த பூன்னு தனியா குறிச்சிருப்பாங்க, அதையும் கேட்டு வாங்கலாம். வீட்டுக்குள்ள வைக்கணும்னா முழுத் தண்டா வெட்டி தண்ணியில வைங்க, மொட்டு சில நாளைக்கு வரிசையா விரியும், தனிப் பூவா பறிச்சா தண்ணி இல்லாமலே அன்னைக்குப் பொழுது பூரா நிக்கும்.

ஆனா வீட்டுல பூனை இருந்தா உள்ள கொண்டுவரவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்றேன். டேலிலியோட எல்லா பாகமும் பூனைக்கு விஷம், கொஞ்சம் இலை கடிச்சாலும், உடம்புல பட்ட மகரந்தத்தை நக்கினாலும் சிறுநீரகம் செயலிழந்து போகும். பூனை கடிச்சதைப் பார்த்தா அறிகுறி வரட்டும்னு காத்திருக்காம அப்பவே கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க. வெளிய சுத்தற பூனை வளர்க்கிறவங்க வேற செடி வளர்க்கறதே நல்லது.

பூ முடிஞ்சதும் தண்டு பழுப்பாகும், அப்போ இழுத்தாலே கையோட வரும், பச்சையா இருக்கும்போது பிடுங்காதீங்க. சில ரகத்துல தண்டுலயே கணு மாதிரி இடத்துல குட்டிச் செடி முளைக்கும், அதை தண்டோட கொஞ்சம் சேர்த்து வெட்டி ஈர மண்ணுல வச்சா வேர் விட்டுடும், தாய்ச்செடியோட அதே பூ வரும், இலவசமா ஒரு செடி.

மூணுலேர்ந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தூரைப் பிரிக்கணும். எப்போன்னு செடியே சொல்லும், நடுவுல பூ குறைஞ்சு ஓரத்துல மட்டும் தண்டு வரும், விசிறி விசிறியோட மோதும். பூ முடிஞ்ச பிறகோ, புது முளைப்பு கிளம்பற நேரத்துலயோ பண்ணுங்க, உச்சி வெயில் காலத்துல வேண்டாம், வெட்டின காயம் சூட்டுல அழுகும். தூரைச் சுத்தி தள்ளி மண்வெட்டியை இறக்கி மொத்தமா தூக்கி, ஹோஸ் பைப்ல மண்ணைக் கழுவி விடுங்க, அப்போதான் எது எங்க பிரியுதுன்னு தெரியும். கையால ஆட்டி ஆட்டிப் பிரிச்சா நிறைய தானா விலகும், விலகாத இடத்துல மட்டும் கத்தி போடுங்க. ரெண்டு மூணு விசிறி சேர்ந்த துண்டா வைங்க, ஒத்தை விசிறியும் பிழைக்கும், பூக்க நாளாகும். இலையை அரை அடிக்கு வெட்டி, காயம் காயறதுக்கு ஒரு நாள் நிழல்ல வச்சுட்டு நடுங்க.

நோய் பத்திச் சொல்லணும்னா துரு நோய்தான் பெரிய விஷயம். இலையோட அடிப்பக்கம் ஆரஞ்சு பொடி, விரலால தேய்ச்சா கையில ஒட்டும். பக்சீனியா ஹெமரோகாலிடிஸ்ங்கிற பூஞ்சை, ஆசியாவுல ரொம்ப நாளா இருந்தது 2000ல அமெரிக்காவுல தென்பட்டுச்சு, செடி வாங்கி விக்கிற வழியில வேகமா பரவிடுச்சு. செடியைக் கொல்லாது, ஆனா அசிங்கப்படுத்திடும், பலத்தையும் குறைக்கும். பாதிச்ச இலையை எல்லாம் தரையோட வெட்டி அப்புறப்படுத்துங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க, புது இலை சுத்தமா வரும். புதுசா வாங்கின செடியை ரெண்டு மூணு வாரம் தனியா வச்சுப் பார்த்துட்டு பாத்திக்குக் கொண்டுபோறது நல்ல பழக்கம். அசுவினி, இலைப்பேன், செஞ்சிலந்தி மூணும் வரும், தண்ணியை வேகமா பீச்சி அடிச்சாலே பாதி போயிடும், மீதிக்கு சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ சாயங்கால நேரத்துல அடிங்க. ஐரோப்பா பக்கம் ஒரு கொசு மாதிரி பூச்சி மொட்டுக்குள்ள முட்டை வைக்கும், அந்த மொட்டு விரியாம குண்டா உப்பி நிக்கும், கிள்ளி எடுத்து அழிச்சுடணும். நடு இலை மஞ்சளாகி, இழுத்தா கையோட வந்து நாத்தம் அடிச்சா கழுத்து அழுகல், உடனே தோண்டி அழுகினதை வெட்டி, காய வச்சு, வடிகால் உள்ள வேற இடத்துல நடுங்க.

தொட்டியிலயும் வரும். சின்ன ரகமா எடுத்து, 12 அங்குலத் தொட்டி, அடியில ஓட்டை, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு மண்ணு மாத்தணும், தண்ணி அடிக்கடி பார்க்கணும், அவ்வளவுதான்.

பூவைத் தினமும் பார்த்துப் பழகினவங்களுக்கு ஒரு கட்டத்துல இதையும் அதையும் சேர்த்தா என்ன வரும்னு ஆசை வரும், தயங்காம செய்யுங்க, இவ்வளவு சுலபமா கலப்பு பண்ணக்கூடிய பூ குறைவு. காலைல மகரந்தம் பஞ்சு மாதிரி பொங்கினதும் ஒரு கேசரத்தை அப்படியே கிள்ளி எடுத்து இன்னொரு பூவோட சூல்தண்டு நுனியில தடவுங்க, வெயில் ஏறறதுக்கு முன்னாடி பண்ணா பிடிக்கும். குரோமோசோம் 22 இருக்கறதை 22ஓடயும் 44 இருக்கறதை 44ஓடயும்தான் சேர்க்கணும், மாத்திப் போட்டா காய் பிடிக்காது. அந்தப் பூவை மட்டும் கிள்ளாம விட்டு, எதோட மகரந்தம்னு சின்ன அட்டையில எழுதிக் கட்டிடுங்க. ஆறுலேர்ந்து எட்டு வாரத்துல காய் பழுப்பாகி மேல வெடிக்கும், உள்ள கறுப்பா பளபளன்னு விதை. ஈரத் துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு வாரம் வச்சுட்டு விதைச்சா சீரா முளைக்கும். பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும், ஒரே காயில வந்த ஒவ்வொரு விதையும் வேற வேற பூவா இருக்கும், எதுவும் அம்மா மாதிரியே அச்சா வராது. முதல் வருஷப் பூவை வச்சு நல்லது கெட்டது முடிவு பண்ணாதீங்க, வாங்கின செடிக்கும் இதே விதிதான், வேர் நிலைச்சு மூணாவது வருஷம் வர்ற பூவுதான் அதோட உண்மையான அளவும் நிறமும். அது வரைக்கும் எதையும் பிடுங்கிப் போடாம, யாருக்கும் குடுக்காம, அட்டை அழியாம பார்த்துக்கோங்க, பென்சில்ல எழுதுங்க, பேனா மை வெயில்ல போயிடும்.